காலக்கணக்கும் அதனைப் படிக்கும் முறையும்

மழைக்காலத்தில் ஒரு தெருவில் நீர் தேங்கி நிற்குமாயின், அத்தெருவையே குறைகூறுதல் மக்கட்கு இயல்பு. ஆயின் நீர் நிற்கும் தெரு பெரும்பாலும் குற்றமற்றது. கீழ்க்கட்டளையில் வாழ்வோர்க்கு இவ்வுண்மையைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி வழியும் நீர் கால்வாய் வழியே நாராயணபுரம் ஏரியை அடைந்து, ஆங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற் சென்று கலத்தல் வேண்டும். இவ்வழியில் ஒரு சிறு பாலத்தின்கீழ்க் குப்பை அடைத்துக்கொள்ளுமாயின், நீர் அப்பாலத்தருகே மட்டும் நிற்பதில்லை. அதற்கு மேற்புறத்தே தொலைவிலுள்ள, யாதொரு பிழையும் செய்யாத ஒரு வீட்டு வாசலிலும் வந்து நிற்கும். அவ்வாசலை மேடாக்கினால் அவ்வீட்டார் பிழைக்கலாம், ஊர் பிழையாது.

கணினியில் இயங்கும் நிரல்களுக்கும் இது பொருந்தும். நிரலில் காலம் தேங்கி நிற்குமிடம் ஒன்று. அதனைத் தேங்கச் செய்யுமிடம் பிறிதொன்று. தேங்குமிடத்தைக் காட்டுதற்குக் கருவிகள் பல உள. தேங்கச் செய்யுமிடத்தைக் காண்பதோ கருவியின் தொழிலன்று. கணக்கைப் படிப்பவர்தம் அறிவின் தொழில். இவ்வேறுபாட்டை யாம் எளிதில் உணர்ந்தோமல்லோம். ஒரு வாரத்து உழைப்பைச் செலவிட்ட பின்னரும், நண்பரொருவரின் குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தும் எல்லைவரை சென்ற பின்னருமே உணர்ந்தோம். எம்மையொத்த மாணாக்கர்க்கு அது பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதலுற்றோம்.

1. எடுத்துக்கொண்ட பணி

யாம் மூவர் சேர்ந்து ஓர் ஊடாடும் சித்திரச் செயலி இயற்றத் தொடங்கினோம். ஊடாடுதலாவது, காண்போன் கையசைத்தவுடன் அதற்கேற்பச் சித்திரமும் அசைந்து விடை கூறுதல். இவ்வகைச் செயலிகளுக்கு முன்னோடியாகக் கொள்ளப்படுவது, 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்டு என்பார் தம் ஆராய்ச்சிப் பட்டத்திற்காக இயற்றிய ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரல். ஒளிப் பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு வரையவும், வரைந்ததைத் திருத்தவும் அஃது இடந்தந்தது. இன்று கைப்பேசியில் விரலால் நாம் நகர்த்தும் தேசப்படங்களெல்லாம் அதன் வழித்தோன்றல்களே.

எம் செயலியும் ஒரு தேசப்படமே. எம்மில் ஒருவர் கீழ்க்கட்டளையிலிருந்து பல்லாவரம் வழியாகக் கல்லூரிக்கு வருபவர். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தின்போது சிறுவராயிருந்த அவர், தம் வீட்டிற்குள் நீர் புகுந்ததைக் கண்டவர். மழைநீர் எவ்வழியே வந்து எவ்வழியே செல்லுகின்றதென்பதைத் தம் தெருவினர்க்குப் படத்தில் நகர்த்திக் காட்டவேண்டுமென்பது அவர் விருப்பம். ஏரிகள், கால்வாய்கள், தெருக்கள், வீடுகள் ஆகிய யாவும் படத்தில் வரையப்பட்டன. மழையின் அளவைக் கூட்டினால் நீல நிறம் ஏறும், குறைத்தால் இறங்கும். ஒரு வீட்டின்மேற் சுட்டியை வைத்தால் அவ்வீட்டருகில் நிற்கும் நீரின் மட்டம் தோன்றும். பொங்கல் விடுமுறையில் தெருவினர் முன் காட்டுவதென்று நாளும் குறிக்கப்பட்டது.

எம்முள் மற்றொருவரின் புதிய கணினியில் இச்செயலி தடையின்றி ஓடிற்று. கீழ்க்கட்டளை நண்பரிடம் இருந்ததோ, தமிழ்நாட்டரசு 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளுள் ஒன்று. அவர்தம் தமக்கையார்க்குப் பள்ளியிற் கிடைத்தது. அதிற் படத்தை நகர்த்துங்கால் இடையிடையே திக்கித் திக்கி நின்றது. ஒருவர் தம் வீட்டைத் தேடி ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்குப் படத்தை இழுக்கும்போதுதான் அது பெரிதும் நின்றது.

“பொறி பழையது, அதனால் ஓடவில்லை” என்று யாம் முடிவு கட்டினோம். நண்பர் தலைகுனிந்தார். அவர்தம் தந்தையார், கடன் வாங்கியேனும் புதிய கணினி வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். அக்கடனைத் தவிர்க்க விரும்பிய யாம், நீரோட்டத்தைக் கணிக்கும் பகுதியே கடினமானதென்று ஊகித்து, ஒரு வாரம் இரவு பகலாக அதனைத் திருத்தி எழுதினோம். அப்பகுதி முன்னையினும் இருமடங்கு விரைவுற்றது. திரையில் தோன்றிய திக்கலோ அணுவளவும் குறையவில்லை. அதன் பின்னரே, ஊகத்தை விட்டு அளத்தலை மேற்கொண்டோம்.

2. காலக்கணக்கு யாது?

ஒரு நிரல் இயங்குங்கால், அதன் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு காலம் கொள்ளுகின்றது என்று அளந்து எழுதிய கணக்கே புரொஃபைல் எனப்படும். இக்கட்டுரையில் அதனைக் காலக்கணக்கு என வழங்குவோம். இதனை எழுதும் கருவி புரொஃபைலர்.

இக்கணக்கின் தேவையைத் தெளிவாக உணர்த்தியவருள் ஒருவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து அறிஞர் டொனால்ட் கனூத். ஃபோர்ட்ரான் மொழியில் மக்கள் மெய்யாக எழுதிய நிரல்களை ஆராய்ந்து 1971-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில், நிரலின் நூற்றுக்கு நான்கு பங்கிற்கும் குறைந்த பகுதியே அதன் ஓட்டக் காலத்திற் பாதிக்கு மேற்பட்டதைக் கொள்ளுதல் வழக்கமென்று கண்டுரைத்தார். அச்சிறு பகுதி யாதென்று நிரலை எழுதியவனே பெரும்பாலும் அறியான் என்பதுதான் வியப்பு. பின்னர் 1982-ஆம் ஆண்டில் பெர்க்கிலி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சூசன் கிரகாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கர்க் மெக்கூசிக் ஆகிய மூவரும் ‘ஜிபுரோஃப்’ என்னும் கருவியை வெளிப்படுத்தினர். எச்செயற்கூறு எவ்வளவு காலம் கொண்டது என்பதோடு, அதனை அழைத்தது எச்செயற்கூறு என்பதையும் அது காட்டிற்று. 2011-ஆம் ஆண்டில் பிரெண்டன் கிரெக் என்பார் இக்கணக்கைத் தீச்சுடர்ப் படமாக வரையும் முறையைக் கண்டார்.

அளக்கும் முறை இருவகைப்படும். முதலாவது மாதிரி எடுத்தல். தலைமையாசிரியர் வகுப்புகளை அடிக்கடி எட்டிப் பார்த்து, எந்த மாணவன் யாது செய்கின்றான் என்று குறித்துக்கொள்வதை இது போலும். கருவி விநாடிக்கு ஆயிரம் முறை நிரலை எட்டிப் பார்த்து, அவற்றுள் 400 முறை அது வரைதற் பகுதியில் இருக்கக் கண்டால், அப்பகுதி நூற்றுக்கு நாற்பது பங்கு காலம் கொண்டதென்று எழுதும். இரண்டாவது, வாயிற்காவல் வைத்தல். ஒவ்வொரு செயற்கூற்றினுள்ளும் புகும் நேரத்தையும் வெளிப்போகும் நேரத்தையும் தவறாது குறித்தல். முன்னையது நிரலின் ஓட்டத்தைச் சிறிதே தடுக்கும். ஆயின் நொடியிற் கடக்கும் சிறு நிகழ்ச்சிகளைத் தவற விடலாம். பின்னையது யாவற்றையும் காணும். ஆயின் ஆயிரம் முறை அழைக்கப்படும் சிறு செயற்கூறுகட்கெல்லாம் காவல் வைத்தால், காவலின் செலவே கணக்கில் மிகுந்து, இல்லாத குற்றத்தை அவற்றின்மேல் ஏற்றும்.

கணக்கிற் காணப்படும் இருவகைக் காலத்தையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும். ஒரு செயற்கூறு தானே உழைத்த காலம் தன்காலம். அது தன் கீழுள்ளவற்றை ஏவி, அவை முடியும்வரை கொண்ட காலத்தையும் சேர்த்துக் கூறுவது உட்படுகாலம். குடும்பத் தலைவன் பெயரில் எழுதப்பட்ட செலவு முழுதும் அவன் உண்டதன்று. மக்கள் உண்டதும் அதில் அடங்கும். நிரலின் முதற்செயற்கூறு நூற்றுக்கு நூறு பங்கு காலம் கொண்டதாகக் கணக்குக் காட்டும். அதுகண்டு அஞ்சுதல் பேதைமை.

தீச்சுடர்ப் படத்தைக் காண்போர் மற்றொரு மயக்கத்திற்கு உட்படுதல் கூடும். அப்படத்தில் ஒரு பட்டையின் அகலமே காலத்தின் பங்கைக் காட்டும். உயரம் அழைப்பின் அடுக்கை மட்டும் காட்டும். உயர்ந்த சுடரைக் கண்டு அங்கே காலம் மிகுதியாயிற்று என்று கொள்ளலாகாது. இடமிருந்து வலமாகச் செல்லும் வரிசையும் நிகழ்ச்சியின் முன்பின் முறையன்று. அது பெயரின் அகரவரிசையாகவே பெரும்பாலும் அமைக்கப்படும். முன்பின் முறை வேண்டுவோர், காலக்கோட்டின்மேல் வரைந்த வேறொரு படத்தைக் காணல் வேண்டும்.

3. திரையும் ரயிலும்

ஊடாடும் சித்திரச் செயலிக்கு மட்டும் உரிய ஒரு விதியை ஈண்டுக் கூறுதல் வேண்டும். வங்கிக் கணக்கைக் கூட்டும் நிரலாயின், முழுவேலையும் எப்பொழுது முடிந்தது என்பதே கேள்வி. சித்திரச் செயலியோ ஒரு வேலையன்று. ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஆயிரம் சிறு வேலைகள். ஒவ்வொரு முழுச் சித்திரமும் ஒரு பிரேம் எனப்படும். பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஆதலின் ஒரு பிரேமை ஆக்குதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி.

திரையானது, தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயில் போன்றது. குறித்த நேரத்திற்கு ஐந்து நிமிடம் முன்னரே நிலையத்தை அடைந்தவன் அதனால் முன்னரே ஊர் சேரான்; மேடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பான். அரை நிமிடம் பிந்தியவனோ அடுத்த ரயில்வரை நிற்பான். அவ்வாறே 12 மில்லி விநாடியில் ஆயத்தமான சித்திரம் எஞ்சிய காலம் காத்திருந்து 16.7-இல் திரை ஏறும். 17-இல் ஆயத்தமானது 33.3 வரை காத்திருக்கும். இக்காத்திருப்பும் காலக்கணக்கில், திரைமாற்றுச் செயற்கூற்றின் பெயரால் எழுதப்படும். அஃது உழைப்பன்று, ஓய்வு. ஓய்வை உழைப்பென்று மயங்கி அதனைக் குறைக்க முயல்வோர் பலர்.

4. மூன்று முறை படித்தோம். மூன்று விடை பெற்றோம்

பழைய மடிக்கணினியிலேயே அளந்தோம். முதலிற் பார்த்தது சராசரி. ஒரு பிரேமுக்குச் சராசரி 20 மில்லி விநாடி. அஃதாவது விநாடிக்கு 50 பிரேம். திரைப்படக் கொட்டகையில் விநாடிக்கு 24 சித்திரமே ஓடுகின்றது. ஆதலின் 50 என்பது குறைவன்று. சராசரி குற்றமில்லை என்றது. கண் குற்றமுண்டு என்றது. கண்ணையே நம்பிப் பிரேம்களை ஒவ்வொன்றாக எண்ணினோம். நூறு பிரேம்களுள் 96 பிரேம்கள் 16.7 மில்லி விநாடியில் முடிந்தன. எஞ்சிய நான்கும் ஒவ்வொன்றும் 100 மில்லி விநாடி கொண்டன. இரண்டு விநாடிக்குள் நான்கு முறை படம் நின்று நின்று சென்றதென்பது இதன் பொருள். நான்கு சிற்றுண்டி விடுதிகளில் நல்ல உணவும் ஐந்தாவதில் நஞ்சும் உண்டவனுக்குச் சராசரியைக் கூறி ஆறுதல் சொல்வார் உண்டோ? ஊடாடும் செயலியில் மிகக் கெட்ட பிரேமே அச்செயலியின் பெயரைத் தீர்மானிக்கும்.

இரண்டாவதாக, ஓட்டம் முழுவதற்குமான காலக்கணக்கைப் பார்த்தோம். நூறு பிரேம்களின் கூட்டுத் தொகை இவ்வாறு அமைந்தது:

வரைதற் கட்டளைகளை விடுத்தல் — நூற்றுக்கு 40 பங்கு
திரைமாற்றிற் காத்திருத்தல் — 24 பங்கு
சுட்டியின்கீழுள்ள புள்ளியைப் படித்தல் — 16 பங்கு
நீரோட்டக் கணிப்பு — 15 பங்கு
சுட்டியின் அசைவைப் பெறுதல் — 5 பங்கு

இதனைக் கண்ட எவரும் வரைதற் கட்டளைகளையே முதற்குற்றவாளி என்பர். யாமும் அவ்வாறே எண்ணினோம். ஆயின் ஒரு வாரம் இழந்த அனுபவம் எம்மைத் தடுத்தது. கெட்ட பிரேம்கள் நூற்றுக்கு நான்கே. நல்ல பிரேம்கள் 96. கூட்டுக் கணக்கில் நல்லவற்றின் குரலே ஓங்கி ஒலிக்கும். நோயுற்றவற்றின் குரல் அமுங்கும். ஊரிலுள்ள அனைவரின் நாடியையும் கூட்டிப் பார்த்து ஒரு நோயாளிக்கு மருந்து தருதல் இயலுமா?

ஆகவே மூன்றாவதாக, கெட்ட பிரேம் ஒன்றை மட்டும் தனியே எடுத்து, காலக்கோட்டின்மேல் விரித்து வைத்தோம். அதன் 100 மில்லி விநாடியும் இவ்வாறு செலவாயிருந்தது: சுட்டியின் அசைவிற்கு 1, நீரோட்டக் கணிப்பிற்கு 3, வரைதற் கட்டளைகளுக்கு 8, புள்ளியைப் படித்தற்கு 78, திரைமாற்றிற் காத்திருத்தற்கு 10. நல்ல பிரேமிலோ முதல் மூன்றும் அதே அளவு; புள்ளியைப் படித்தல் இல்லை; காத்திருத்தல் 4.7.

அவ்வொரு வாரத்து உழைப்பு ஏன் கண்ணுக்குப் புலப்படவில்லை என்பதும் அப்பொழுதே விளங்கிற்று. நீரோட்டக் கணிப்பை 6 மில்லி விநாடியிலிருந்து 3-ஆக யாம் குறைத்திருந்தோம். நல்ல பிரேமில் அதனால் 15 என்பது 12 ஆயிற்று, இரண்டுமே 16.7-க்கு உட்பட்டவை. கெட்ட பிரேமில் 93 என்பது 90 ஆயிற்று. இரண்டுமே ஆறாவது ரயிலைத்தான் பிடிக்கும். எமது உழைப்பு முழுதும் மேடையில் உட்காரும் நேரத்தையே வளர்த்தது. ஒரு பகுதியை எவ்வளவு விரைவாக்கினும், மொத்தத்தில் அது கொண்ட பங்கிற்கு மேல் ஆதாயம் கிட்டாதென்று ஜீன் ஆம்டால் 1967-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டியுள்ளார். அந்நெறியை யாம் பாடமாகப் படித்திருந்தோம், தேர்விலும் எழுதியிருந்தோம், கைத்தொழிலில் மறந்தோம்.

5. நீர் நிற்குமிடமும் அடைப்பும்

இனி, ஒரேயொரு புள்ளியைப் படித்தற்கு 78 மில்லி விநாடி வேண்டுமா? இவ்விடத்தில் காலக்கணக்கு எழுத்தெண்ணிச் சொல்வதை அவ்வாறே நம்பியிருந்தால், புள்ளியைப் படிக்கும் செயற்கூற்றை விரைவாக்க முயன்று மற்றொரு வாரத்தையும் இழந்திருப்போம்.

இதனை விளக்குதற்கு, கணினியில் உழைப்பாளர் இருவர் உளரென்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். மையச் செயலி கணக்கிட்டுக் கட்டளைகளை விடுக்கும். வரைகலைச் செயலி அக்கட்டளைகளைப் பெற்றுச் சித்திரம் தீட்டும். மையச் செயலி ஒவ்வொரு கட்டளையும் முடியும்வரை நிற்பதில்லை. சிற்றுண்டி விடுதியிற் பரிமாறுவோன், கேட்டவற்றைச் சமையற்கட்டிற்குச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குச் செல்வதுபோல, அதுவும் மேற்செல்லும். ஆயின், சமைத்த பொருள் ஒன்று இப்பொழுதே கையில் வேண்டுமென்று கேட்குமாயின், தனக்கு முன் வரிசையில் நிற்பன யாவும் முடியும்வரை நின்றே தீரவேண்டும். ஒற்றை வடை கேட்டு அரைமணி நின்றவன், வடை சுடுதல் அரைமணி வேலையென்று எழுதுவானாயின், அது பிழையன்றோ? அவன் நின்றது வடைக்கன்று. முன்னிருந்த இருபது தோசைகட்கு.

எம் செயலியில் அத்தோசைகள் யாவை? சுட்டியின்கீழ் எவ்வீடு உள்ளதென்று அறிய யாம் ஓர் உபாயம் கையாண்டிருந்தோம். கண்ணுக்குப் புலப்படாத மறைச்சித்திரம் ஒன்றில் ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு தனி நிறத்தால் தீட்டி, சுட்டி நிற்கும் புள்ளியின் நிறத்தைப் படித்தால் வீடு இன்னதென்று தெரியும். பலரும் கையாளும் உபாயமே இது. படம் ஒரு புதிய பகுதிக்கு நகரும்போதெல்லாம் மறைச்சித்திரம் மீண்டும் தீட்டப்பட்டது. அச்சித்திரத்தின் அளவு அகலத்தில் 4096 புள்ளி, உயரத்தில் 4096 புள்ளி. ஆக 1,67,77,216 புள்ளிகள். ஒரு மாதிரி நிரலிலிருந்து அவ்வெண்ணை யாம் ஆராயாது எடுத்தாண்டிருந்தோம். மடிக்கணினியின் திரையோ 1366-க்கு 768. ஆக 10,49,088 புள்ளிகள். கண்ணுக்குத் தெரியும் சித்திரத்தைப்போற் பதினாறு மடங்கு பெரிய சித்திரத்தை, எவர் கண்ணுக்கும் தெரியாதவாறு தீட்டிக்கொண்டிருந்தோம்.

இஃது இன்னும் ஊகமே. ஊகத்தைச் சோதித்தல் வேண்டும். மறைச்சித்திரத்தின் நீள அகலங்களைப் பாதியாக்கினோம், வேறெதையும் தொடவில்லை. புள்ளிகள் நான்கில் ஒன்றாயின. புள்ளியைப் படிக்கும் காலமும் 78-இலிருந்து ஏறக்குறைய 20-ஆகக் குறைந்தது. படிக்கும் செயற்கூற்றில் ஓரெழுத்தையும் மாற்றாமலே அதன் காலம் நான்கில் ஒன்றாயிற்றெனின், குற்றம் அதனுடையதன்றென்பது உறுதி. நீர் நின்ற தெரு அது. அடைப்பு வரைகலைச் செயலியின் சமையற்கட்டில் இருந்தது. புதிய கணினியில் இக்குற்றம் தோன்றாமைக்கும் இதுவே காரணம். தனி நினைவகமுடைய அதன் வரைகலைச் செயலி இவ்வீண் செலவைத் தாங்கிக்கொண்டது; முதன்மை நினைவகத்தையே பகிர்ந்துகொள்ளும் பழைய கணினியின் செயலி தாங்கவில்லை. புதிய பொறி எமது குற்றத்தை மறைத்தது. பழைய பொறி மெய் கூறிற்று. மெய் கூறியதனையே யாம் குறைகூறினோம்.

ஒன்றை மட்டும் மாற்றி விளைவை நோக்கும் இச்சோதனை முறை எளியது. சித்திரத்தின் அளவைக் குறைத்தால் காலம் குறையுமாயின், சுமை வரைகலைச் செயலியின் புள்ளி தீட்டும் வேலையில் உளது. குறையாதாயின், மையச் செயலியை நோக்குக. வீடுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கிக் குறையுமாயின், கட்டளைகளின் தொகையே சுமை. எதனைக் குறைத்தும் காலம் மாறாதாயின், நிரல் திரைமாற்றிற்காகவோ கோப்பிற்காகவோ பிறிதொன்றிற்காகவோ காத்திருக்கின்றதென்று கொள்க.

6. திருத்தமும் அதன் முடிவும்

மறைச்சித்திரத்தைத் திரையின் அளவிற்கே குறைத்தோம். புள்ளியைப் படிக்கும் காலம் 5 மில்லி விநாடியாயிற்று. அக்கெட்ட பிரேமின் உழைப்பு முழுதும் இப்பொழுது 17. மகிழ்ந்து திரையைப் பார்த்தோம். திக்கல் மிகக் குறைந்ததெனினும் முற்றும் நீங்கவில்லை. 17 என்பது 16.7-ஐ மயிரிழையாற் கடந்தமையால் அடுத்த ரயில்வரை நின்றது. இப்பொழுதுதான் வரைதற் கட்டளைகளின் முறை வந்தது. திரைக்கு வெளியேயுள்ள வீடுகட்கும் கட்டளை விடுத்துக்கொண்டிருந்தோம், அவற்றை விலக்கினோம். 8 என்பது 5 ஆயிற்று. மொத்தம் 14. பிரேம்கள் யாவும் முதல் ரயிலையே பிடித்தன.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. நீரோட்டக் கணிப்பில் யாம் மிச்சப்படுத்திய 3 மில்லி விநாடி இல்லையாயின், மொத்தம் 17 ஆகி மீண்டும் பிந்தியிருக்கும். முதலிற் பயனற்றுப்போன உழைப்பு முடிவிற் பயன் தந்தது. ஆயின் அதனை முன்னறிந்து செய்தோமல்லோம். பெரிய அடைப்பு உள்ளவரை சிறிய அடைப்பை நீக்குதல் பயன் தாராது. பெரியது நீங்கியபின் சிறியதே பெரியதாகும். ஆதலின் ஒவ்வொரு திருத்தத்தின் பின்னரும் புதிதாக அளத்தல் வேண்டும். நேற்றைய காலக்கணக்கு இன்றைய நிரலைப் பற்றிப் பேசாது.

7. அளப்போர் கைக்கொள்ள வேண்டுவன

அனுபவத்தால் யாம் அறிந்த சிலவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, குறையை முதலிற் சொல்லால் வரையறுத்தல். “மெதுவாயிருக்கின்றது” என்பது குறையன்று, முறையீடு. “படத்தைப் புதிய பகுதிக்கு இழுக்கும்போது நிற்கின்றது” என்பதே குறை. எப்பொழுது, எச்செயலின்போது என்று அறியாதவன் எக்கணத்தை அளப்பான்?

இரண்டாவது, குறை தோன்றும் பொறியிலேயே அளத்தல். செல்வர் வீட்டுக் கணினியில் அளந்து ஏழை வீட்டுக் கணினிக்கு மருந்து எழுதலாகாது. மடிக்கணினிகள் மின்கலத்தில் ஓடுங்காலும், சித்திரை வெயிலிற் சூடேறுங்காலும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். இரு அளவைகளை ஒப்பிடுவோர் இந்நிலைமைகள் ஒத்திருத்தலை உறுதி செய்தல் வேண்டும்.

மூன்றாவது, பிழைதேடும்பொருட்டு ஆக்கிய நிரலை அளவாது, பயன்படுத்துவோர் கையிற் கொடுக்கும் நிரலையே அளத்தல். முன்னையதில் காப்புச் சோதனைகள் பல புகுத்தப்பட்டிருத்தலின், அதன் கணக்கு வேறாகும்.

நான்காவது, பன்முறை அளத்தல். முதல் ஓட்டத்தில் கோப்புகளைப் படித்தல், எழுத்துருக்களை ஆயத்தம் செய்தல் முதலிய ஒருகாற் செலவுகள் மிகும். ஒரு முறை கண்டதைக் கொண்டு விதி வகுத்தல் கூடாது.

ஐந்தாவது, கணக்கிற் பெரிதாய்த் தோன்றும் ஒவ்வொன்றையும் நோக்கி, “நீ உழைத்தாயா, காத்திருந்தாயா?” என்று கேட்டல். காத்திருந்ததாயின், “யாருக்காக?” என்று மேலும் கேட்டல். இவ்விரு கேள்விகளையும் கேளாது எழுந்த திருத்தம் பெரும்பாலும் வாசலை மேடாக்கும் திருத்தமேயாம்.

முடிவுரை

பொங்கல் விடுமுறையில் அப்பழைய மடிக்கணினியிலேயே படத்தைத் தெருவினர்க்குக் காட்டினோம். நண்பரின் தந்தையார் கடன் வாங்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைத் தேடிப் படத்தை இழுத்தனர், அது நின்றதில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், “தம்பிகளா, தண்ணீர் நிற்கும் இடத்தை நன்றாகக் காட்டினீர்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று இது சொல்லுமா?” என்று கேட்டார். சொல்லாதென்றோம். அவர் சிரித்து, கால்வாயிற் கீழ்ப்புறத்தே ஒரு சிறு பாலத்தின்மேல் விரலை வைத்து, “இங்கே போய்ப் பாருங்கள்” என்றார். மறுநாட் காலை சென்று பார்த்தோம்; பாலத்தின்கீழ் நெகிழிக் குப்பையும் கட்டட இடிபாடும் முக்காற்பங்கு அடைத்திருந்தன.

எம் படமும் ஒரு காலக்கணக்கைப் போன்றதே என்று அப்பொழுது எண்ணினோம். அது நிற்பதைக் காட்டும். நிற்பதன் காரணத்தை நாமே சென்று காணல் வேண்டும். எனவே, இத்துறையிற் புகும் மாணாக்க நண்பர்கள், அளவாது திருத்தத் தொடங்கற்க. அளந்தபின்னும் கண்டதனையே காரணமெனக் கொள்ளற்க. சிறப்பாக, எளியவர் கையிலுள்ள பழைய பொறியின்மேற் பழி சுமத்துமுன், தம் நிரலை ஒருமுறைக்கு இருமுறை ஆராய்வாராக. அவ்வாராய்ச்சி ஒரு குடும்பத்தின் கடனைத் தவிர்க்கவும் கூடும்.